அனுபவம் காவல் ஆகாது

தேனிக்கும் இடுக்கிக்கும் கனமழை எச்சரிக்கை வந்த நாளையே நல்ல நாளாகப் பார்த்து மலை ஏறுகிற வழக்கம் ஒன்று நம் ஊர்களில் வேர்விட்டிருக்கிறது. முந்தல் சோதனைச் சாவடியைத் தாண்டிப் போடிமெட்டு ஏறுகிறார்கள். அங்கிருந்து மூணாறுக்கோ, சூரியநெல்லி வழியாகக் கொழுக்குமலைக்கோ போகிறார்கள். பள்ளத்தாக்கில் மேகம் புரள்வதையும் எதிர்மலையில் மின்னல் இறங்குவதையும் படம் பிடித்து அன்றிரவே வெளியிடுகிறார்கள். இவர்களில் பலர் விவரம் தெரிந்தவர்கள். ரேடார் படத்தில் எந்த நிறம் என்ன சொல்கிறது என்று தெரியும். காற்று எந்தத் திசையிலிருந்து திரும்புகிறது என்று மணிக்கு மணி பார்ப்பவர்கள். குறை சொன்னால் ஒரே பதில்தான் வரும்: தெரியாமல் போகிறவனுக்குத்தான் ஆபத்து; வானிலையைப் படித்து, முன்னேற்பாட்டோடு, அனுபவசாலிகளோடு போனால் ஒன்றும் ஆகாது. விபத்து நடந்த பிறகு செய்தித்தாள்களும் அதையேதான் திருப்பிச் சொல்கின்றன: வழி தெரியாமல் போனார்கள், அனுமதி இல்லாமல் போனார்கள், எச்சரிக்கையை மதிக்கவில்லை. இரண்டு பேச்சுக்கும் அடியில் ஒரே நம்பிக்கை இருக்கிறது. ஆபத்து அறியாதவனை அடிக்கும், அறிந்தவனை விட்டுவிடும் என்பது அது. இந்த நம்பிக்கை தவறு. மழையையும் புயலையும் பற்றிய அறிவு, அவற்றைத் தேடிப் போகிறவரைக் காப்பாற்றுவதில்லை. ஏலமலைச் சரிவில் அது அவரை இன்னும் உள்ளே இழுத்துக்கொண்டு போய்விடுகிறது.

அனுபவம்தான் காவல் என்றால் டிம் சமாராஸ் இன்று உயிரோடு இருந்திருக்க வேண்டும். அமெரிக்கச் சமவெளிகளில் டொர்னேடோ எனப்படும் சுழற்காற்றைத் துரத்துவோர் கூட்டத்தில் அவரைவிட மதிக்கப்பட்டவர்கள் குறைவு. அவர் பொறியாளர். சுழற்காற்றின் பாதையில் கருவியை வைத்துவிட்டு விலகிவிடுவது அவர் முறை. 2003 ஜூன் 24 அன்று தெற்கு டகோட்டாவில் மான்செஸ்டர் என்ற சிற்றூருக்கு அருகே அவர் வைத்த கருவி, சுழற்காற்று மேலே கடந்தபோது காற்றழுத்தம் 100 மில்லிபார் சரிந்ததைப் பதிவு செய்தது. அப்படி ஓர் அளவீட்டை அதற்கு முன் எவரும் எடுத்ததில்லை. சாகசத்துக்காகப் போகிறவர் அல்லர், எச்சரிக்கையானவர் என்று அந்தத் துறையில் பெயர் எடுத்தவர். 2013 மே 31 அன்று ஓக்லஹோமாவின் எல் ரீனோ பகுதியில் அவரும் மகன் பாலும் நண்பர் கார்ல் யங்கும் ஒரே காரில் இறந்தார்கள். அன்றைய சுழற்காற்றின் அகலம் 4.2 கி.மீ.; பதிவான வரலாற்றில் அதுவே மிக அகலமானது. கிழக்கே போய்க்கொண்டிருந்தது திடீரென்று வடகிழக்காகத் திரும்பி, வேகம் கூடி, விரிந்தது. மழைத்திரை அதன் விளிம்பை மறைத்திருந்தது. அந்தத் திருப்பத்தை முன்கூட்டிச் சொல்லும் அறிவு அன்று உலகில் யாரிடமும் இல்லை. ஆகவே சமாராஸிடமும் இல்லை. தெரியாதவனுக்குத்தான் ஆபத்து என்கிறவர்கள், தெரிந்துகொள்ள முடிந்த அளவெல்லாம் தெரிந்திருந்த ஒருவருக்கு நேர்ந்த இந்த முடிவை எங்கே கொண்டுபோய் வைப்பார்கள்?

சமாராஸ் ஒரு விதிவிலக்கு, புயல் துரத்துவோரில் சுழற்காற்று கொன்றவர்கள் மிகச் சிலரே என்று அவர்கள் சொல்லக்கூடும். அது உண்மைதான். எல் ரீனோவுக்கு முந்தைய பல பத்தாண்டுகளில் துரத்துகிறவர்களைச் சுழற்காற்று நேரடியாகக் கொன்றதாகப் பதிவே இல்லை என்றே அந்தத் துறையினர் சொல்கிறார்கள். ஆனால் அதற்கு முன்பும் பின்பும் அவர்கள் செத்துக்கொண்டுதான் இருந்தார்கள், சாலையில். 2017 மார்ச்சில் டெக்சாஸில் ஒரு சந்திப்பில் துரத்துவோரின் இரண்டு வண்டிகள் மோதி மூவர் இறந்தனர். 2022 ஏப்ரல் இறுதியில் ஓக்லஹோமா பல்கலைக்கழக வானிலையியல் மாணவர்கள் மூவர், புயலைப் பார்த்துவிட்டுத் திரும்பும் வழியில், நனைந்த நெடுஞ்சாலையில் கார் வழுக்கி லாரி மோதி இறந்தனர். வானிலையையே பாடமாகப் படித்தவர்கள். வானம் அவர்களை ஒன்றும் செய்யவில்லை. எல் ரீனோ நாளிலும் அதே இரவில் ஓக்லஹோமா நகரப் பகுதியில் வெள்ளத்தில் மாண்டவர்கள், சுழற்காற்றில் மாண்டவர்களைவிட அதிகம். துரத்துகிறவர் எதைப் பார்க்கப் போகிறாரோ அதில் அவர் தேர்ந்தவர். அவரைக் கொல்வது பெரும்பாலும் அது அன்று. அதைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது பார்க்கத் தவறிய ஒன்று. என் வாதம் முழுக்க இந்த ஒரு செய்தியின் மேல்தான் நிற்கிறது. போடி மலைக்கு வந்தால் இது பல மடங்கு கூடுகிறது.

முதலில் சாலை. ஓக்லஹோமா சமவெளியில் சாலைகள் சதுரம் சதுரமாக வெட்டி ஓடும். ஒரு வழி அடைந்தால் அடுத்த மைலில் இன்னொன்று. அந்த வசதி இருந்தும் அங்கே ஆட்கள் சாகிறார்கள். போடிமெட்டுக்கு ஏறவும் இறங்கவும் ஒரே மலைச்சாலை, 17 கொண்டை ஊசி வளைவுகள், ஒரு பக்கம் வெட்டிய பாறைமுகம், மறுபக்கம் பள்ளம். அடைமழையில் அந்தப் பாறைமுகம் எப்படிப் பேசும் என்று மலையில் வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும். கசிந்துகொண்டிருந்த தெளிந்த நீர் செம்மண் கலந்து கலங்கும். நெல்லிக்காய் பருமனில் இரண்டு மூன்று கற்கள் தார்மேல் உருண்டு வந்து நிற்கும். மேலே ஒரு மரம் நின்ற நிலையிலிருந்து லேசாகச் சாய்ந்திருக்கும். அப்புறம் மண் இறங்கும். கண்ணாடியை ஏற்றிவிட்டு, வைப்பர் ஓடிக்கொண்டிருக்க, மூடுபனியில் முன்வண்டியின் சிவப்பு விளக்கை மட்டும் பிடித்துக்கொண்டு ஓட்டுகிறவருக்கு இதில் ஒன்றும் கண்ணில் படாது. பின்னிருக்கையில் இருப்பவர் கைபேசியில் மழைமேகத்தின் நகர்வைப் பார்த்துக்கொண்டிருப்பார். மேலே போனாலும் நிலைமை மாறுவதில்லை. மூணாறு, போடிமெட்டு இடையே சாலையை அகலப்படுத்திய காலத்தில், 2019, 2020 ஆண்டுகளில், தேவிகுளம் கேப் ரோட்டில் பெரும் பாறைச்சரிவுகள் நடந்தன. சரிந்த பிறகு திரும்பி வர வழி எது என்பதை எந்த வானிலைப் படமும் சொல்லாது.

அடுத்து, அந்த வானிலைப் படம். கருவி இருக்கிறது, ஆகவே தெரிந்துதான் போகிறோம் என்பதே இவர்களின் வலுவான வாதம். அந்தக் கருவி போடிச் சரிவில் எதைப் பார்க்கிறது? காரைக்கால் ரேடாரிலிருந்து போடி நேர்கோட்டில் சுமார் 290 கி.மீ. பூமியின் வளைவாலும் கதிரின் ஏற்றத்தாலும், அங்கிருந்து புறப்படும் மிகத் தாழ்ந்த கதிர்கூடப் போடிக்கு மேலே வரும்போது ஆறு கி.மீ.க்கும் உயரத்தில் கடக்கும். மேற்கே கொச்சி ரேடார் பக்கம்தான், 120 கி.மீ. அளவு. ஆனால் நடுவே, 2,695 மீட்டர் ஆனைமுடி வரை உயரும் மூணாற்று மலைத்தொடர் நிற்கிறது. தாழ்ந்த கதிர் அந்தச் சுவரில் முட்டி நின்றுவிடும். கிழக்கிலிருந்து ஈரக்காற்று வந்து இந்தச் சரிவில் மோதி ஏறும்போது பொழியும் மழை, மலையை ஒட்டிய தாழ்ந்த மேகங்களிலிருந்து கொட்டுவது. வடகிழக்குப் பருவத்தில் போடிக்கு மேலுள்ள குரங்கணி, கொட்டகுடி பக்கம் அடித்துப் பெய்வது பெரும்பாலும் அந்த மழைதான். ரேடார் படத்தில் அது வெளிர்நீலமாக, ஒன்றுமில்லாதது போலத் தெரியக்கூடும். அங்கே மண் ஊறிப்போயிருக்கும். எச்சரிக்கையும் மாவட்ட அளவில்தான் வருகிறது. 24 மணி நேரத்தில் 64.5 மி.மீ. தாண்டினால் கனமழை என்பது வானிலைத் துறையின் கணக்கு. தேனி மாவட்டத்துக்கு ஒரு நிறம் சொன்னால் அது ஆண்டிபட்டிச் சமவெளிக்கும் கொழுக்குமலை உச்சிக்கும் சேர்த்துத்தான். மறுநாள் செய்தியில் வரும் மழை அளவுகளைப் பாருங்கள்: அரண்மனைப்புதூர், வீரபாண்டி, போடி, உத்தமபாளையம், வைகை அணை, சோத்துப்பாறை. தரைநாட்டு ஊர்களும் அணைகளும்தான் பெரும்பாலும். சரிவின் நடுவில் எவ்வளவு பெய்தது என்பது அந்தப் பட்டியலில் இல்லை. கருவியைப் பார்க்கிறவர், அந்தக் கருவிக்குக் கண் தெரியாத இடத்தைத் தேடிப்போய் நிற்கிறார். ஒன்றும் பார்க்காமல் போகிறவருக்குள் ஒரு பயமாவது இருக்கும். இவருக்கு அதுவும் இருப்பதில்லை.

ஆறும் அப்படித்தான். கொட்டகுடி ஆறு ஏழாயிரம் அடி உயர முகடுகளின் அடியில் பிறந்து ஆயிரத்துச் சொச்சம் அடியில் இருக்கும் போடிக்கு மிகக் குறைந்த தூரத்தில் இறங்கிவிடுகிறது. தூரம் குறைவு, இறக்கம் அதிகம் என்றால் நீருக்கு நேரம் தேவைப்படாது. மேலே மழை பெய்யும்போது கீழே வெயில் அடித்துக்கொண்டிருக்கலாம். தென்மேற்குப் பருவத்தில் போடி மழைமறைவில் இருப்பதால் இது அடிக்கடி நடப்பது. ஓடைப்பாறையில் நிற்கிறவர் தலைக்கு மேலே வானத்தைப் பார்த்தால் நீலமாக இருக்கும். நீரில் திடீரென்று சருகும் சுள்ளியும் மிதந்து வரும், நிறம் மாறும், சத்தம் கனக்கும். அதன் பிறகு கரை ஏற மிஞ்சுவது சில நிமிடங்கள். சில நேரம் அதுவும் கிடையாது. 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் குளித்துக்கொண்டிருந்தவர்கள்மேல் இப்படி இறங்கிய வெள்ளம் 17 வயதுச் சிறுவன் ஒருவனைக் கொண்டுபோனது. பெரியகுளம் பக்கத்துக் கும்பக்கரை அருவியில் வனத்துறை அடிக்கடி குளிக்கத் தடை போடுவதும் இதனால்தான். உச்சியில் பெய்வதை அடியில் நின்று அறிய முடியாது. அருவியில் நீர் கூடினால்தானே பார்க்க அழகு என்று அந்தத் தடை வந்த நாளிலேயே கிளம்புகிறவர்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைப்பது எளிதாக இல்லை.

மண்சரிவுக்கு வருவோம். இங்கேதான் அனுபவம் என்ற சொல் முற்றிலும் உடைந்துபோகிறது. 2020 ஆகஸ்ட் 6 இரவு, மூணாறு ராஜமலையை அடுத்த பெட்டிமுடியில், தேயிலைத் தொழிலாளரின் வரிசைவீடுகளான லயங்கள்மேல் மலை இறங்கியது. 70 பேர் மாண்டார்கள். ஏறத்தாழ எல்லோரும் தமிழர்; கயத்தாறு பக்கத்திலிருந்து தலைமுறைகளுக்கு முன் மலை ஏறிய குடும்பங்கள் பல. மின்சாரமும் தொலைபேசியும் அற்றுப்போயிருந்ததால் வெளியுலகுக்குச் செய்தி எட்டியது மறுநாள் காலையில். அவர்கள் எதையும் துரத்திப் போகவில்லை, வீட்டில் படுத்திருந்தார்கள். அந்த மலையின் மழையை நூறு பருவமாகப் பார்த்த சமூகம் அது. எந்த ஓடை எப்போது நிறையும், எந்தப் பாதை எந்த மாதம் வழுக்கும் என்று பெயர் பெயராகச் சொல்லக்கூடியவர்கள். லயத்துக்கு மேலே இருந்த சரிவுக்குள் நீர் எந்த அளவுக்கு ஊறி, மண்ணுக்கும் பாறைக்கும் நடுவே எவ்வளவு அழுத்தம் கூடியிருந்தது என்பதை அவர்களால் பார்க்க முடியவில்லை. எவராலும் பார்க்க முடியாது. அது நிலத்துக்குள்ளே நடப்பது. மழை ஓய்ந்து பல மணி நேரம் கழித்தும் சரிவு இறங்கலாம். விடுமுறைக்கு வந்து போகிறவர், நாலைந்து முறை போயிருக்கிறேன், எனக்கு இந்த மலை தெரியும் என்று சொல்லும்போது, பெட்டிமுடிக்காரர்களைவிடத் தனக்கு அதிகம் தெரியும் என்று சொல்கிறார். அவர் அப்படி நினைத்துச் சொல்லவில்லை. ஆனால் அவர் பேச்சின் பொருள் அதுதான்.

வெள்ளைக்கார நிர்வாகத்தின் பொறியாளர்களுக்கும் இதே கதிதான். மூணாறிலிருந்து டாப் ஸ்டேஷன் வரை தண்டவாளம் போட்டு, அங்கிருந்து கம்பிவடத்தில் தேயிலைப் பெட்டிகளைக் கொட்டகுடிப் பக்கம் இறக்கி, போடி வழியாக வெளியே அனுப்பினார்கள். 1924 ஜூலையில், மலையாளிகள் தொண்ணூற்றொன்பது வெள்ளம் என்று இன்றும் சொல்லும் பெருமழையில், அந்த ரயில்பாதை அழிந்தது. மறுபடி போடவே இல்லை. கணக்குப் புத்தகமும் மழைப் பதிவேடும் நில அளவையும் வைத்திருந்த ஒரு நிறுவனத்துக்கு நேர்ந்தது இது.

குரங்கணியைச் சொல்லாமல் இந்தப் பேச்சை முடிக்க முடியாது. 2018 மார்ச் 11 அன்று அங்கே மழையும் இல்லை, இடியும் இல்லை. சென்னையிலிருந்தும் கொங்குப் பகுதியிலிருந்தும் வந்த இரண்டு குழுக்கள் கொழுக்குமலைப் பக்கமிருந்து இறங்கிவந்தபோது ஒத்தமரம் பகுதிச் சரிவில் தீ சூழ்ந்தது. 20-க்கும் மேற்பட்டோர் அங்கேயும் மருத்துவமனைகளிலும் இறந்தனர். அதன் பிறகு ஊரெல்லாம் பேசியது அனுமதிச் சீட்டைப் பற்றி. எந்தப் பாதைக்கு அனுமதி வாங்கினார்கள், எதில் போனார்கள், யார் விட்டார்கள்? வனச்சரகர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார், விசாரணை நடந்தது, மலையேற்றத்துக்குத் தனி விதிகள் வந்தன. எல்லாம் தேவையே. ஆனால் அந்தக் குழுவில் மலையேற்றத்தில் பல ஆண்டு பழகியவர்களும் இருந்தார்கள் என்பதும், அவர்களிலும் பலர் பிழைக்கவில்லை என்பதும் அந்தப் பேச்சில் அமுங்கிப்போயின. அனுமதிச் சீட்டு கையில் இருந்திருந்தால் காய்ந்த புல் எரியாதா? சரிவில் தீ எப்படி ஓடும் என்பதற்குத் தீயணைப்பு வல்லுநர்கள் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள்: ஏற்றம் பத்துப் பாகை கூடினால் மேல்நோக்கிப் பாயும் தீயின் வேகம் ஏறத்தாழ இரட்டிக்கும். முப்பது பாகைச் சரிவில் அது எட்டு மடங்கு. பிற்பகலில் பள்ளத்தாக்கு சூடேறிக் காற்று மேல்நோக்கி வீசினால் அதுவும் சேர்ந்துகொள்ளும். மலை ஏறிப் பழகிய கால்களும் அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாது. புகை வந்தால் பாதை மறையும். புயலைத் தேடிப் போகிறவருக்கும் மலையழகைத் தேடிப் போகிறவருக்கும் இங்கே வேறுபாடு இல்லை. இருவருக்கும் அனுபவம் என்பது இதுவரை நடந்தவற்றின் தொகை. அன்று வந்தது அந்தத் தொகையில் இல்லாத ஒன்று.

மின்னலைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. இந்தியாவில் ஆண்டுக்கு இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோரை அது கொல்கிறது. வயலில் வேலை செய்கிறவர்களே அதில் மிகுதி. மழையைப் பார்க்க உயரத்தில் ஏறியவர்களுக்கு என்ன நடக்கும் என்பதற்கு 2021 ஜூலை 11 சாட்சி. ஜெய்ப்பூர் ஆமேர் கோட்டைக்கு எதிரே உள்ள காவல்கோபுரத்தில் மழையில் நின்று தற்படம் எடுத்துக்கொண்டிருந்த கூட்டத்தின்மேல் இடி விழுந்து 11 பேர் இறந்தனர். கொழுக்குமலை முகட்டில் மேகக்கடல் பார்க்க நிற்கிற இடம் அந்தக் கோபுரத்தைவிட எத்தனையோ மடங்கு உயரம். சுற்றிலும் ஒதுங்கச் சுவர்கூட இல்லை.

இனி எதிர்வாதங்கள். ஒன்றை நான் மதிக்கிறேன்: துரத்துகிறவர்களால்தான் அறிவு வளர்ந்தது, சமாராஸின் அந்த 100 மில்லிபார் வீட்டில் உட்கார்ந்தவருக்குக் கிடைத்திருக்குமா என்பது. கிடைத்திருக்காது. ஆனால் நம் மலைக்கு வருகிறவர் எந்தக் கருவியை எந்தச் சரிவில் வைத்துவிட்டுப் போகிறார்? அவர் கொண்டுபோவது காணொளி. அதில் மழை எத்தனை மி.மீ. என்பதும் இல்லை, எத்தனை மணிக்கு எங்கே என்பதும் பெரும்பாலும் இல்லை. இங்கே மழையைப் பற்றிய உண்மையான அறிவு சேர்ந்தது வேறு வழியில். இடுக்கியில் பாம்பாடும்பாறை, மயிலாடும்பாறை ஏல ஆராய்ச்சி நிலையங்களில் நாள்தோறும் மழையை அளந்து எழுதிவைக்கிறார்கள். எஸ்டேட்டுகள் பலவற்றில் மழைமானி உண்டு. மழை கூடினால் ஏலத்துக்கு அழுகல் வரும், குறைந்தால் செடி காயும் என்பதால் போடி வியாபாரியும் தோட்டக்காரரும் அந்த எண்ணைக் கேட்டு வாங்குவார்கள். தமிழ்நாடு வெதர்மேன் என்று ஊரறிந்த பிரதீப் ஜான் நம்பிக்கையைப் பெற்றதும் எண்களையும் படங்களையும் பொறுமையாக வாசித்துச் சொன்னதால்தான். மழையை அறிய மழைக்குள் வண்டி ஓட்ட வேண்டியதில்லை என்பதற்கு வேறு சான்று வேண்டாம்.

இன்னொரு வாதம், தொழிலாளர்கள் தினமும் போகிறார்களே என்பது. போடி, தேவாரம், கோம்பை ஊர்களிலிருந்து விடியும் முன் ஜீப்புகளில் நெருக்கியடித்து ஏறிப் பெண்களும் ஆண்களும் ஏலத்தோட்டங்களுக்குப் போகிறார்கள். காய் எடுப்பும் மழையும் ஒரே மாதங்களில்தான் வரும். காற்றடித்தால் நிழல்மரக் கிளை முறிந்து விழும் தோட்டத்துக்குள் நாள் முழுக்க நிற்கிறார்கள். அவர்களால் முடியும்போது நம்மால் முடியாதா என்று கேட்பது என்னை வருத்துகிறது. அவர்கள் போவது அன்றைய கூலிக்காக. மழை வலுத்தால் வேலை நிற்கும், கூலி போகும். மழையை அவர்கள் துரத்தவில்லை, அது விடுமா என்று பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். ஆபத்தில்லை என்பதால் அவர்கள் போகவில்லை, வேறு வழி இல்லாததால் போகிறார்கள். அவர்களுடைய நிர்ப்பந்தத்தைத் தன் விருப்பத்துக்குச் சான்றாகக் காட்ட யாருக்கும் உரிமை இல்லை. ஒன்றையும் சேர்த்துப் பாருங்கள்: எச்சரிக்கை நாளில் மலைச்சாலையில் சுற்றுலா வண்டிகள் வரிசையாக நின்று வழி அடைந்தால், இருட்டுவதற்குள் இறங்க வேண்டிய அந்த ஜீப்புகள்தான் பின்னால் மாட்டிக்கொள்ளும்.

என் உயிர், என் விருப்பம் என்ற வாதத்துக்கும் இதிலேயே பதில் இருக்கிறது. மலையில் ஒருவர் உயிர் அவருடையதாக மட்டும் இருப்பதில்லை. குரங்கணித் தீயின்போது முதலில் மேலே ஏறியவர்கள் அந்த ஊர்க்காரர்கள். இருட்டில், போர்வையில் கிடத்தித் தூக்கிவந்தார்கள். தீயணைப்பு வீரர்களும் வனக்காவலர்களும் போலீசாரும் போனார்கள், விமானப்படையின் ஹெலிகாப்டர்களும் கருடா வீரர்களும் வர வேண்டியிருந்தது. மழைநாளில் மேகம் இறங்கிவிட்டால் ஹெலிகாப்டரும் வராது. அப்போது தேடிப் போக வேண்டியவர் அதே சரிவில், அதே ஊறிய மண்ணில் கால் வைக்கிற உள்ளூர்க்காரர். கூட வழிகாட்டி போகிறாரே என்கிறார்கள். அந்த வழிகாட்டி யார்? சீசனில் நாலு காசு பார்க்கிற ஜீப் ஓட்டுநர் அல்லது தோட்டத்தில் வேலை இல்லாத நாளில் கூலிக்கு வரும் இளைஞர். இன்றைக்கு வேண்டாம் சார் என்று அவர் சொன்னால் அடுத்தவரைக் கூப்பிடுவார்கள். அவருக்கு மறுக்கத் தெரியும். மறுக்க வசதி இல்லை. ஆபத்தை விருப்பத்தோடு ஏற்கிறவர் ஒருவர், அதில் பங்குபெற நேர்கிறவர் இன்னொருவர் என்றால், அதைத் தனிமனித விருப்பம் என்று சொல்லக்கூடாது.

மலையேற்றத்தையே மூடு என்று நான் சொல்லவில்லை. சொல்கிறவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. ஏற்ற காலத்தில், ஊர்க்காரர் துணையோடு குரங்கணியில் நடப்பது நல்ல காரியம். மலையை அறியாத தலைமுறைக்கு மலையைக் காக்கும் அக்கறையும் வராது. 2024 அக்டோபரில் தொடங்கிய ட்ரெக் தமிழ்நாடு திட்டம் 40 பாதைகளைத் திறந்தபோது, உள்ளூர் வழிகாட்டிகளை அமர்த்தியதோடு ஒரு நல்ல நெறியையும் உள்ளே வைத்தது. தீப்பருவம் வந்தால் பாதைகள் மூடப்படுகின்றன, எல்லோருக்கும். நீங்கள் எத்தனை மலை ஏறியவர் என்று அங்கே யாரும் கேட்பதில்லை. திறமையைப் பார்த்து அன்று, பருவத்தைப் பார்த்து முடிவெடுப்பதுதான் சரியான முறை. பெட்டிமுடியும் குரங்கணியும் சொல்வதும் அதையே. இதே நெறி மழைக்கும் வர வேண்டும். பாறை விழுந்த பிறகு சாலையை மூடுவது இன்றைய வழக்கம். அதற்குப் பதிலாகச் சரிவில் மழைமானிகள் வேண்டும்: குரங்கணியில், கொட்டகுடியில், புலியூத்தில், போடிமெட்டில். எஸ்டேட்டுகள் எழுதிவைக்கும் அளவுகளும் அன்றன்றே கிடைக்க வேண்டும். மலையின் இந்தப் பக்கம் தேனி ஆட்சியரும் அந்தப் பக்கம் இடுக்கி ஆட்சியரும் ஒரே எண்ணைப் பார்க்க வேண்டும். இரண்டு நாள் மழை இவ்வளவைத் தாண்டினால் சுற்றுலா வண்டி ஏறாது என்று முன்கூட்டியே அறிவித்து, முந்தலில் தடுப்பை இறக்கிவிட வேண்டும். பால் வண்டி போகட்டும், 108 போகட்டும், வீடு திரும்பும் தோட்டத்து ஜீப் முதலில் இறங்கட்டும். ரேடார் படத்தைக் காட்டி, எனக்கு எல்லாம் தெரியும், என்னை மட்டும் விடுங்கள் என்று சாவடியில் வந்து நிற்கிறவரையும் மற்றவர்களோடு சேர்த்தே திருப்பி அனுப்ப வேண்டும்.